பால் காய்ச்சின வீடு

இந்தப் பக்கம் வந்து உக்காருங்க தம்பி. அந்த பெஞ்சு ஆடும். ஒரு கால் குட்டை. மொத வாய்தாவுக்கு வந்தப்பவே நான் ஒரு மனு எழுதிக் குடுத்தேன், குறை தீர்க்கிற எடத்துல குறையுள்ள பெஞ்சு கெடக்கலாமான்னு. வாங்கி வெச்சிருக்காங்க.

என்ன கேஸ் உங்களுது? சமையக்கட்டா? அலமாரி எல்லாம் அடிச்சுத் தர்றேன்னு வந்தவன் கதவு மாட்டாமப் போயிட்டானா? சரி, அப்ப நம்ம கட்சிதான் நீங்க. நான் நெனச்சேன். ஃபிரிட்ஜ் கேஸ்காரங்க இப்படி முகத்தை வெச்சுக்க மாட்டாங்க. அவங்களுக்குக் கோவம் மட்டும்தான் இருக்கும். வீட்டு வேலை பாதியில நின்னவங்க மூஞ்சியில சிமெண்டுத் தூசி போகவே போகாது.

போலீசுக்குப் போனீங்களா? போயிருப்பீங்க. எல்லாரும் மொதல்ல அங்கதான் போவோம். நானும் போனேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன், டீ வாங்கிக் குடுத்தாரு. "சார், ஏமாத்தணும்னே வந்து காசை வாங்கிட்டு ஓடினான்னா எங்ககிட்ட வாங்க. வேலையைப் பாத்துட்டுப் பாதியில விட்டா அது சிவில்" னாரு. அப்புறம் அவரு வீட்டு மாடியில ஒருத்தன் கம்பி கட்டினதோட போனவன் வரவே இல்லைன்னு ரொம்ப நேரம் சொல்லிக்கிட்டிருந்தாரு. நான் ஆறுதல் சொல்லிட்டு வந்தேன்.

அப்புறம் வக்கீலப் பாத்தேன். காஜா மைதீன்னு, நிதானமானவரு. சிவில் கோர்ட்டுல போடலாமான்னு கேட்டேன். "உங்களுக்கு என்ன வயசு சார்?" னாரு. சொன்னேன். "அப்ப நுகர்வோர் ஆணையத்துக்கே போயிடுவோம்" னாரு. நல்ல யோசனைதான். இங்க வக்கீலே இல்லாமக்கூட நாமளே வாதாடலாம் தெரியுமா? ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும், அது ஒண்ணுதான். அதுக்கு முன்னாடி ஒரு நோட்டீஸ் விடணும். நான் விட்டேன், வேலையை முடிக்காம 'வரேன்' னு சொல்லிட்டுப் போனவர் இதுவரை வரலைன்னு. பதில் வந்துச்சு. 'வரேன் என்று சொல்லிச் சென்றது உண்மை. எப்போது என்று எங்கள் கட்சிக்காரர் சொல்லவில்லை.' எப்படி இருக்கு பாருங்க.

இன்னொண்ணும் இருக்கு, சமரசம். சட்ட உதவி மையத்துல ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசி முடிச்சு விட்டுடுவாங்க. செலவே கிடையாது. நான் போகல. பேசி முடிக்கிறதுன்னா அப்புறம் கேஸ் எதுக்குங்கறேன்.

என் பேரு தாயுமானவன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவன். ரிப்பேர் முடிஞ்ச பெட்டி வெளிய போகணும்னா நான் பாத்துக் கையெழுத்துப் போடணும். குறை இருந்தா சாக்பீஸால ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான், பேச்சே கிடையாது. குறி இருக்கு, போய்ப் பாருய்யா. என் கையெழுத்துல போன பெட்டி ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. அது சும்மா பெருமைக்குச் சொல்லல, அப்படித்தான் இருந்தேன்.

உறையூர்ல வீடு. சின்ன வீடுதான். வீட்டுக்காரி பேரு தில்லைநாயகி. அவளுக்கு முட்டி தேஞ்சுபோச்சு. கொல்லைப்பக்கம் பழைய கக்கூஸ், குந்தித்தான் உக்காரணும். உக்காந்தா எந்திரிக்க முடியல அவளால. கதவைப் பிடிச்சுக்கிட்டு என்னைக் கூப்பிடுவா. "கீழயே வெஸ்டர்ன் வெச்சு, ரெண்டு பக்கம் கைப்பிடி போட்டு, ஒரு பாத்ரூம் கட்டிக் குடுத்துடுங்க, வேற எனக்கு ஒண்ணும் வேணாம்" னா. நகை நட்டுன்னு வாய் தொறந்து கேட்டவ இல்ல. நான்தான், கொத்தனாரக் கூப்பிடறது கூப்பிடறோம், சமையக்கட்டையும் இடிச்சுப் பெருசாக்கிடுவோம், முன்வாசல்லயும் ஒரு ரூம் எடுத்துடுவோம்னு பிளான் போட்டேன். செஞ்சா ஒழுங்காச் செய்யணும் இல்லையா?

லால்குடியில என் சகலை வீட்டுக்கு வேலை பாத்தவரு சவரிமுத்து. கான்ட்ராக்டர்னாலும் அவரே இறங்கிக் கொத்து வேலை செய்வாரு. அவருகிட்டதான் குடுத்தேன். வந்த அன்னிக்கே பழைய கக்கூஸை இடிச்சுட்டாங்க. புதுசு முடியற வரைக்கும் மாடியில இருக்கிற கக்கூஸ வெச்சுக்கலாம்னு சொன்னேன். மாடின்னா படி ஏறணும். நாயகி ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து பின்பக்கமா நகந்து போவா. கொஞ்ச நாளைக்குத்தானேன்னேன்.

நான் தினம் சாயங்காலம் ஒரு சுத்து பாப்பேன். டைல்ஸ் ஒட்டினா ஒவ்வொண்ணையும் காசால தட்டிப் பாக்கணும் தம்பி, உங்க சமையக்கட்டுலயும் பாருங்க. டொக்குன்னு கேட்டா அடியில கலவை நெறையலன்னு அர்த்தம். ஒரு குறி போட்டுடுவேன். காலையில வந்து பேத்துட்டு மறுபடி ஒட்டுவாங்க. ரெண்டாந்தடவையும் டொக்குன்னா ரெண்டாந்தடவையும் குறி. ஒரு நாள் டைல்ஸ் ஒட்டுறவரு சுவத்தைப் பாத்தாரு, பீடி பத்த வெச்சுக்கிட்டுத் தெருவுல போய் நின்னாரு, அப்படியே நின்ன எடத்துலேர்ந்து போயிட்டாரு. கரண்டியைக்கூட எடுத்துக்கல. சவரிமுத்து என்கிட்ட வந்து, "சார், இது ரயில் பெட்டி இல்ல. இது எங்கயும் ஓடப்போறதில்ல" ன்னாரு. நான் சொன்னேன், ஓடாத பொருளுக்குத்தான் இன்னும் ஜாக்கிரதையாப் பாக்கணும், ஓடிப்போற பெட்டின்னா அடுத்த ஒர்க்‌ஷாப்புக்காரன் பாத்துப்பான்னு. அவரு மட்டக்கோலை எடுத்துக்கிட்டு உள்ள போனாரு. அவரு பேசறது குறைவு.

இப்ப கேளுங்க. இங்கதான் விஷயம் இருக்கு.

வைகாசி முடியப்போகுது. வீட்டை இடிச்சு எடுத்துக் கட்டினா பால் காய்ச்சணுமா இல்லையா? ஆனி ஆடி ரெண்டும் ஆகாது. வைகாசியை விட்டா ஆவணிதான். அது வரைக்கும் யாரு காத்திருக்கிறது? சொந்தக்காரங்களுக்கு எல்லாம் வாய்வார்த்தையாச் சொல்லியாச்சு. பால் காய்ச்சறதுன்னா அடுப்புதானே முக்கியம்? அதனால பாத்ரூமை நிறுத்திட்டுச் சமையக்கட்டை முடிங்கன்னு ஆளுங்களத் திருப்பி விட்டேன். பாத்ரூம்ல அப்ப பாதிச் சுவர் வரைக்கும் டைல்ஸ், தரை போடல, கதவு இல்ல. வெஸ்டர்ன் அட்டைப் பெட்டியோட கூடத்துல கெடந்துச்சு. விசேஷத்தன்னிக்கு அதும் மேல ஒரு ஜமக்காளத்தை மடிச்சுப் போட்டு என் சித்தப்பாவ உக்கார வெச்சோம். வசதியா இருக்குன்னாரு.

நாயகி கேட்டா, "பாத்ரூம் முடியட்டுமேங்க, அப்புறம் காய்ச்சிக்கலாமே" ன்னு. நாளு கெடைக்கும்மா, நல்ல நாளு கெடைக்காதுன்னேன்.

விசேஷம் ஜோராத்தான் நடந்துச்சு. பால் பொங்கி நாலா பக்கமும் வழிஞ்சுது. ஐயர் கேட்டாரு, வேலை செஞ்சவங்களுக்கு மரியாதை செய்யணுமேன்னு. செய்யாம விடுவமா? சவரிமுத்துவ நடுக்கூடத்துல நிக்க வெச்சு, தட்டுல வேட்டி துண்டு, வெத்தலை பாக்கு, பழம் எல்லாம் வெச்சுக் குடுத்தேன். அவரு வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு, இருந்தாலும் பவ்யமா வாங்கிக்கிட்டாரு. துண்டை நானே தோள்ல போட்டு விட்டேன். வீடியோ எடுக்கிற தம்பி, "சார் ரெண்டு வார்த்தை பேசுங்க" ன்னாரு. சபையில என்ன பேசறது? "சொன்னபடி அருமையா முடிச்சுக் குடுத்துட்டாரு, எனக்கு மனசு நெறஞ்சு போச்சு" ன்னேன். பின்ன, பாத்ரூமுக்குக் கதவு இல்லைன்னா சொல்ல முடியும்? எல்லாரும் சாப்பிட உக்காந்துட்டாங்க.

அதோட சரி. அடுத்த நாள் அவரு வரல. அதுக்கடுத்த நாள் வந்து சட்டி, கரண்டி, மட்டக்கோல் எல்லாம் எடுத்துக்கிட்டு, "வேற ஒரு எடத்துல கான்கிரீட் இருக்கு சார், வரேன்" னாரு. அப்புறம் விசாரிச்சப்பதான் தெரியுது, வேட்டி துண்டு குடுத்துட்டா அவங்களுக்குக் கணக்கு முடிஞ்ச மாதிரியாம். "நீங்களே பால் காய்ச்சி, மரியாதை பண்ணி அனுப்பி வெச்சுட்டீங்க, நான் எந்த மூஞ்சியோட மறுபடி கரண்டியத் தூக்கிட்டு வர்றது" ன்னு சகலைகிட்ட சொல்லியிருக்காரு. இது ஒரு பேச்சா?

பக்கத்துத் தெருவுல ஒரு கொத்தனாரு. நாயகி போய்க் கூட்டிட்டு வந்தா. மனுஷன் பாத்துட்டு, "ஒரு வாரத்துல முடிச்சுத் தர்றேம்மா" ன்னாரு. நான் விடல. தம்பி, இதை நல்லா மனசுல வெச்சுக்குங்க, அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டுச் சொல்றேன். கேஸ் போட்டாச்சுன்னா அந்த எடத்தைத் தொடவே கூடாது. கமிஷனர்னு ஒரு வக்கீலப் போட்டு, கூட ஒரு இன்ஜினியரோட அனுப்புவாங்க, என்ன பாக்கி இருக்குன்னு அளந்து அறிக்கை குடுக்க. அதுக்குள்ள நீங்க வேற ஆள வெச்சு முடிச்சுட்டா எதை அளப்பாங்க? குறை இருந்தாத்தான் கேஸ். முடிஞ்ச பாத்ரூமை வெச்சுக்கிட்டு நான் எங்க போய் நிக்கிறது?

நாயகி கொத்தனாருக்கு மோர் குடுத்து அனுப்பினா. கொஞ்ச நாள் கழிச்சு, படியில பாதியில உக்காந்துக்கிட்டு மேலயும் போக முடியாம கீழயும் வர முடியாம ஒரு நாள் அழுதுட்டா. அன்னிக்கு எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. கமிஷனர் வந்துட்டுப் போகட்டும், மறுநாளே முடிச்சுடறேன்னேன். தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னா, லால்குடிக்கு. சகலை காரோட வந்து கூட்டிட்டுப் போனாரு. மாத்திரையெல்லாம் எடுத்து வெச்சிக்கிட்டு, எனக்கு ரசப்பொடி எங்க இருக்குன்னு காட்டிட்டுப் போனா.

கமிஷனர் வந்தாரு. அளந்தாரு. நல்ல அறிக்கை. சவரிமுத்துவோட வக்கீல் அதுக்கு ஆட்சேபணை போட்டுட்டாரு. ஆட்சேபணை முடியற வரைக்கும் தொட முடியாதே. நாயகிகிட்ட போன்ல சொன்னேன். "சரிங்க" ன்னா.

அப்புறம் ஒரு வாய்தாவுல அந்த வீடியோவப் போட்டாங்க பாருங்க. ஆமா, இங்க உள்ளதான். டிவியில நான் நிக்கிறேன், பட்டு வேட்டி கட்டிக்கிட்டு. மனசு நெறஞ்சு போச்சுங்கிறேன். எனக்கே நம்பற மாதிரிதான் இருந்துச்சு. எதிர்தரப்பு வக்கீல் எந்திரிச்சு, "வேலை முடியாத வீட்டுல யாராவது பால் காய்ச்சுவாங்களா?" ன்னு கேட்டாரு. நடுவுல உக்காந்திருக்கிற அம்மா, தலைவர், அவங்க பக்கத்துல இருந்த உறுப்பினரைப் பாத்தாங்க. அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. சுருக்கெழுத்துக்காரம்மா சிரிச்சுட்டாங்க. அப்புறம் தலைவரம்மா, "எங்க வீட்டுல கீழ்தளத்துல பால் காய்ச்சறப்ப மேல சென்ட்ரிங் அடிச்சுக்கிட்டு இருந்தாங்க வக்கீல் சார். வேற ஏதாவது பாயிண்ட் இருந்தாச் சொல்லுங்க" ன்னாங்க.

அவரு விடல. "பால் எந்த அடுப்புல காய்ச்சினீங்க?" ன்னு என்னைக் கேட்டாரு. கேஸ் அடுப்புலன்னேன். "அப்ப சமையலறை முடிஞ்சுது?" முடிஞ்சுதுன்னேன். "அப்ப வேலை முடிஞ்சுதுன்னு ஒத்துக்கிறீங்க?" சமையலறையில குளிக்க முடியாதுங்களேன்னேன். அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க. காஜா மைதீன் வெளிய வந்து கையைக் குடுத்தாரு. அன்னிக்கு நான் நாயகிக்குப் போன் பண்ணி முழுசாச் சொன்னேன். அவ சிரிக்கல. "சாப்பிட்டீங்களா?" ன்னா.

போன வாய்தாவுல சவரிமுத்துவே நேர்ல வந்துட்டாரு. நான் குடுத்த வேட்டியத்தான் கட்டியிருந்தாரு, எனக்குத் தெரியாதா? அவரு கையக் கட்டிக்கிட்டு, "அம்மா, நான் போய் முடிச்சுக் குடுத்துடறேன். கூலிகூட வேணாம். சார் சாக்பீஸை மட்டும் கீழ வெச்சுட்டா போதும்" ன்னாரு. தலைவரம்மா என்னைப் பாத்தாங்க. நான் உடனே சரின்னு சொல்லிடுவனா? நஷ்ட ஈடு இருக்கு, மன உளைச்சலுக்குன்னு தனியாக் கேட்டிருக்கோம். இத்தனை நாள் நான் பாத்துப் பாத்து நடத்தின கேஸ். தலைவரம்மா சொன்னாங்க, "பாத்ரூம் உங்க வீட்டம்மாவுக்குத்தானே? அவங்ககிட்ட கேட்டுக்கிட்டு வந்து சொல்லுங்க. உத்தரவை அப்படியே போட்டுடறேன்" ன்னு.

நேத்து லால்குடிக்குப் போனேன்.

நாயகி வாசலுக்கு வந்தா. நடந்து வந்தா தம்பி. கம்பு கிம்பு ஒண்ணும் இல்ல. ஒடம்பு கொஞ்சம் பூசின மாதிரி இருந்தா. காபி போடறேன், கை கால் கழுவிட்டு வாங்கன்னா. கொல்லைப்பக்கம் போறேன், புதுசா ஒரு பாத்ரூம். வெஸ்டர்ன், ரெண்டு பக்கமும் கைப்பிடி, வழுக்காத தரை, உள்ள ஒரு சின்ன மேடை, உக்காந்து குளிக்க. காசை எடுத்துத் தட்டிப் பாத்தேன். பழக்கதோஷம். ஒரு டைல்ஸ்கூட டொக்குன்னு கேக்கல. கொத்து வேலையப் பாத்தாலே எனக்குக் கையெழுத்துத் தெரியும். யாரு செஞ்சதுன்னேன். "சவரிமுத்துதான்" னா. அவளே போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கா. தங்கச்சி எடம் குடுத்திருக்கா. நாயகி தன்னோட சங்கிலியக் குடுத்துச் செய்ய வெச்சிருக்கா. போன மாசமே முடிஞ்சுபோச்சாம்.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, இது ஆதாரமாச்சே. இவ்வளவு நல்லா முடிக்கத் தெரிஞ்ச ஆளு, நம்ம வீட்டுல வேணும்னேதான் விட்டிருக்காரு, இல்லையா? போனை எடுத்து போட்டோ பிடிச்சேன். நாயகி பின்னாடி வந்து நின்னா. "கொஞ்சம் நகரு, கைப்பிடி மறையுது" ன்னேன். நகந்துக்கிட்டா.

அப்புறம் கேட்டேன், கேஸ் நடக்கிறப்ப எதிர்தரப்புகிட்டயே வேலை வாங்கலாமா, இது நமக்கு எதிரா வராதான்னு. "இதுல எதிர்தரப்பு யாருன்னு எனக்கு மறந்தே போச்சுங்க" ன்னா. கோவமா எல்லாம் சொல்லல. காபிய ஆத்திக்கிட்டே சொன்னா.

சரி, வந்த விஷயத்தைச் சொன்னேன். அவரு வந்து முடிச்சுத் தர்றேங்கிறாரு, சரின்னு சொல்லவா, வேணாம்னு சொல்லவா, உன்னைக் கேட்டு வரச் சொன்னாங்கன்னு. "முடிக்கச் சொல்லுங்க. உங்க வீட்டுல ஒரு பாத்ரூம் வேணும்ல? உங்களுக்கும் வயசாகுது" ன்னா.

உங்க வீட்டுலன்னா.

நான் திருத்தினேன். உங்க வீடு என்ன உங்க வீடு, பத்திரமே உன் பேருலதானே இருக்குன்னேன். லோன் போட்டப்ப அவ பேருலதான் வாங்கினோம். கேஸ்லயும் அவதான் ஒண்ணாவது மனுதாரர், நான் ரெண்டாவது. சட்டப்படி அது முழுக்க அவ வீடு. எடுத்துச் சொன்னேன்.

"பத்திரத்துல இருக்குங்க" ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. காபி நல்லா இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சகலை கொண்டு வந்து விட்டாரு. பஸ்ஸுல வர்றப்ப யோசிச்சுப் பாத்தேன், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ உங்க வீடுன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. வாடகை வீட்டைக்கூட நம்ம வீடுன்னுதான் சொல்லுவா. ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. பாத்ரூம்ல போய் லைட்டைப் போட்டுப் பாத்தேன், எல்லாம் நான் போட்ட குறிதான் இருக்கு. துடைச்சா சாட்சியம் போயிடும்னு அதுவரைக்கும் தொடாம வெச்சிருந்தேன். ஈரத்துணி எடுத்துத் துடைச்சேன். டைல்ஸ்ல இருந்தது போயிடுச்சு, மேல சிமெண்டுப் பூச்சுல போட்டது அவ்வளவு சுலபமாப் போகாது தம்பி. எனக்கு அழுகையா வந்துச்சு. ஏன் மறைக்கணும்?

போட்டோவா? காஜா மைதீன்கிட்ட காலையில காட்டினேன். தாக்கல் பண்ணலாம்னாரு. வேணாம்னுட்டேன்.

இன்னிக்குச் சரின்னு சொல்லிடப் போறேன். முடிக்கட்டும். முடிச்சதும் அவ வந்து ஒரு தடவை பாக்கட்டும், அவ கையால ஒரு டம்ளர் பால் காய்ச்சட்டும்னு கேக்கலாம்னு இருக்கேன். அதை எந்தக் கோர்ட்டுல கேக்கிறதுன்னுதான் தெரியல. நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, உங்களுக்குத் தெரியுமா?

உங்க வீட்டம்மா எங்க சமைக்கிறாங்க இப்ப? அவங்க அம்மா வீட்டுலயா?

இருங்க, கூப்பிடறாங்க. அவ பேரைத்தான் கூப்பிடுவாங்க, ஒண்ணாவது மனுதாரர்ங்கறதால. ஒவ்வொரு தடவையும் நான்தான் இங்கேர்ந்து குரல் குடுப்பேன், இருக்கோம்யான்னு.

இதோ வந்துட்டேன்! இல்லைங்க. தில்லைநாயகி வரல. நான் மட்டும்தான் இருக்கேன்.